‘மறை’ மாடு: ஒரு நிறச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் கண்டறியும் முறை

ஒரே உடலில் வெள்ளையும் வேறொரு நிறமும் பெருந்திட்டுகளாகக் கலந்து நிற்கும் மாட்டை மறை என்கிறோம். திட்டோடு சேர்ந்த நிறம் செந்நிறமானால் செம்மறை, கருநிறமானால் கருமறை. சேலத்திலிருந்து எடப்பாடி, மேச்சேரி, மேட்டூர் என்று மேற்கே செல்லச் செல்ல இச்சொல் காதில் விழும் வாய்ப்பு மிகுதி. மாட்டோடு பழகாத தலைமுறைக்கோ மறை என்றால் வேதம் நினைவுக்கு வருகிறது, அல்லது ஒளித்து வைத்தல் நினைவுக்கு வருகிறது. ஒரு நிறச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் தாமே தேடிக் கண்டறிய விரும்புவோர் எங்கே தொடங்கி எவ்வாறு செல்லலாம் என்பதை, இந்த ஒரு சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன். இதே வழியில் மயிலை, காரி, புல்லை, சுட்டி ஆகிய சொற்களையும் தேடலாம்.

முதலில் அகராதியைத் திறக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. நிறச்சொல்லை அகராதியில் படித்துவிட்டு மாட்டைப் பார்க்கச் செல்பவர், தாம் படித்ததையே மாட்டின் மேல் காண்பார். ஆகவே முதல் வேலை சந்தைக்குச் செல்வது. சனிக்கிழமை கூடும் கொங்கணாபுரம் சந்தையும், புதன்கிழமை கூடும் மேச்சேரி சந்தையும் ஆடுகளுக்குப் பெயர் பெற்றவை. பல நிற உயிர்களை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட இவை நல்ல இடங்கள். பேரம் சூடு பிடிப்பதற்கு முன், விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும். விலை பேசிக்கொண்டிருப்பவரிடம் சொல்லைப் பற்றிக் கேட்பது அவர் பிழைப்பில் குறுக்கிடுவதாகும். மாடுகளையும் குதிரைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குச் சென்று வரலாம்.

கேட்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். “இது மறைதானுங்களே?” என்று கேட்டால், வந்தவர் மனம் கோணக்கூடாது என்று பெரியவர் “ஆமாங்க” என்று சொல்லிவிடுவார். அந்த ஆமாம் நமக்குச் சான்றாகாது. “இந்த நெறத்த நீங்க என்னன்னுங்க சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சொல் அவர் வாயிலிருந்து வந்த பிறகு, பக்கத்தில் நிற்கும் வேறொரு மாட்டைக் காட்டி அதற்கும் அப்பெயர் பொருந்துமா என்று கேட்க வேண்டும். வெள்ளை எவ்வளவு இருந்தால் மறை, நெற்றியில் மட்டும் வெள்ளை இருந்தால் என்ன பெயர், வயிற்றில் மட்டும் இருந்தால் என்ன பெயர் என்று எல்லைகளைக் கேட்பதே பொருளைக் கேட்பதாகும். ஒரு சொல்லின் பொருள் அதன் நடுவில் இருப்பதைவிட அதன் விளிம்புகளில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் அனுபவம். நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டோ கீற்றோ உள்ள மாட்டைச் சுட்டி என்பார்கள். குழந்தைகளும் மணப்பெண்களும் அணியும் நெற்றிச்சுட்டியை நினைத்துக்கொண்டால் அச்சொல் மறக்காது. சுட்டியையும் சுழியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுழி என்பது மயிர் சுழன்று வளரும் இடம். மாடு வாங்குவோர் அதை வைத்து நன்மை தீமை பார்ப்பார்களே தவிர, நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது மாட்டின் வயதையும் பாலினத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. காளைக்குத் திமிலிலும் முன்பின் சப்பைகளிலும் கருமை ஏறுகிறது, காயடித்தபின் அக்கருமை குறைகிறது. கன்றைப் பார்த்துச் செவலை என்று எழுதியவரும், ஓராண்டு கழித்து அதே மாட்டைப் பார்த்து மயிலை என்று எழுதியவரும் இருவருமே சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். வயது எழுதப்படாவிட்டால் பின்னால் படிப்பவர் அவற்றை ஒரே நிறத்துக்கு இரு பெயர்கள் என்று கொண்டுவிடுவார்.

மறையிலோ இந்த மாற்றம் இல்லை. பிறவியில் வந்த திட்டு, கன்று வளரும்போது தோலோடு சேர்ந்து வளருமேயன்றி இடம் மாறாது. கருவில் நிறம் தரும் உயிரணுக்கள் முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் தோன்றி, அங்கிருந்து உடலின் இருபுறமும் கீழ்நோக்கிப் பரவுகின்றன. அவை சென்று சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது. வயிறு, கால்கள், நெற்றி, வால்நுனி ஆகிய தொலைவான இடங்களில் வெள்ளை மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். திட்டின் மேலுள்ள மயிரை விலக்கிப் பார்த்தால், வெள்ளைத் திட்டின் அடியில் தோல் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். நிறத்திட்டின் அடியில் தோலும் கருத்திருக்கும். இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செம்புச்சத்துக் குறைவு முதலிய காரணங்களால் எருமைகளுக்கும் மாடுகளுக்கும் பிற்காலத்தில் நிறம் வெளிறித் திட்டு விழுவதுண்டு. அது நோய், மறை அன்று. எப்போது வந்தது என்று உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அடுத்தது எழுத்து. காதில் விழுந்த சொல்லை மறை என்று எழுதுவதா, மரை என்று எழுதுவதா? சேலத்துப் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஒலிப்பில் வேறுபாடு இல்லாமல் போய்விட்டதால், காதை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது. மரை என்று ஒரு சொல் இருக்கிறது, அதுவும் விலங்கின் பெயராகவே இருக்கிறது. மானினத்தைச் சேர்ந்த ஒன்றைப் பழந்தமிழ் மரை என்று குறிக்கிறது. பட்டறையில் திருகாணியின் புரியையும் மரை என்கிறோம். மாட்டின் திட்டுக்கும் இவற்றுக்கும் உறவு கற்பிக்கத் தொடங்கினால் முழுத் தேடலும் தடம் மாறிவிடும். இந்த ஐயத்தைத் தீர்க்கும் சான்று பக்கத்து மொழியில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு பொறி செம்மறி. ஒரு முறை நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் செம்மறை என்று இருந்த இடங்களையெல்லாம், எழுத்துப்பிழை என்று கருதிச் செம்மறி என்று திருத்தி அச்சிட்டுவிட்டார்கள். மலைமாட்டைப் பற்றிய குறிப்பு ஆட்டைப் பற்றிய குறிப்பாக மாறிப்போனது. மறி என்பது ஆட்டின் குட்டியையும் ஆட்டையும் குறிக்கும் பழைய சொல். செம்மறி என்பது செந்நிற ஆடு என்னும் பொருளில் எழுந்து, பிறகு நிறத்தை விட்டுவிட்டு அந்த இனம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. அதனால்தான் வெள்ளைச் செம்மறி என்று சொல்லும்போது நமக்கு முரண் தெரிவதில்லை. சேலம் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய மேச்சேரி ஆடு இளம்பழுப்பு நிறமுடையது. செம்மறி என்னும் சொல்லின் மூலப்பொருளைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் அந்த ஆட்டைப் பார்க்கலாம். ஆனால் அது மறை அன்று, ஏனெனில் அதில் திட்டு இல்லை. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய சேலம் கருப்பு வெள்ளாட்டிலும் மறைக்கு இடமில்லை, அது முழுக் கருப்பு.

எழுத்து உறுதியானபின் சொல்லைப் பிரிக்க வேண்டும். செம்மை, மறை என்னும் இரண்டும் சேரும்போது பண்புப்பெயரின் ஈறாகிய மையெழுத்து கெட்டுச் செம்மறை ஆகிறது. கருமையும் மறையும் அவ்வாறே கருமறை ஆகின்றன. ஆண்பால் ஈறு சேர்ந்தால் செம்மறையன், கருமறையன். காளைகளின் பெயர்களில் மறைச்செவலை என்ற ஒன்றும் உண்டு, இங்கே வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்த் தொகைச்சொல்லில் இறுதியில் நிற்பதே தலைமை பெறும். செம்மறை என்றால் அது மறை, நிறம் அதன் அடை. மறைச்செவலை என்றால் அது செவலை, மறை அதன் அடை. முதலாவதில் பார்ப்பவர் கண்ணுக்குத் திட்டு முந்தித் தெரிகிறது, இரண்டாவதில் செந்நிறம் முந்தித் தெரிகிறது. சந்தையில் எல்லாரும் இந்த நுட்பத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லமைப்பு இப்படி இருக்கும்போது இரண்டையும் ஒன்று என்று எழுதிவிடாமல், இரண்டு பெயருக்கும் உரிய மாடுகளைத் தனித்தனியே பார்த்துக் குறிப்பது நல்லது.

இப்போது அகராதிக்கு வரலாம். வின்சுலோவின் 1862-ஆம் ஆண்டு அகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. பேரகராதியில் ஒரே எழுத்துகளால் ஆன வெவ்வேறு சொற்கள் தலைமேல் சிற்றெண் இட்டுத் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சிற்றெண்ணைக் கவனிக்காமல் முதல் பதிவை மட்டும் படித்துவிட்டு மூடுவது பலர் செய்யும் தவறு. மறைதல் என்னும் வினையிலிருந்து வரும் மறை ஒரு சொல். வேதத்தைக் குறிப்பது அதன் கிளை. மாட்டுக்குரிய மறைக்கு உறவு வேறிடத்தில் இருக்கிறது. அந்த உறவு மறு என்னும் சொல்.

மறு என்றால் களங்கம், புள்ளி, மச்சம். குடிப்பிறந்தாரிடம் தோன்றும் குற்றம் நிலவின் மறுவைப்போல் உயர்ந்து தெரியும் என்று திருக்குறளின் 957-ஆம் குறள் சொல்கிறது. வெண்ணிலவின் மேல் கருந்திட்டு என்பதைவிட மறைமாட்டுக்குப் பொருத்தமான உவமை கிடைக்காது. திருமாலுக்குத் திருமறுமார்பன் என்று பெயர் வந்ததும் மார்பிலுள்ள மறுவினால்தான். மறு எப்படி மறை ஆகும் என்ற கேள்வி எழும். கறு என்பதிலிருந்து கறை, குறு என்பதிலிருந்து குறை, நிறு என்பதிலிருந்து நிறை என்று ஐகார ஈறு பெற்றுப் பெயராவது தமிழில் பழகிய வழி. இவற்றில் கறு, கறை என்னும் இணையைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். வடிவத்தில் மட்டுமல்லாமல், மேற்பரப்பில் படிந்து தெரியும் வேற்று நிறம் என்னும் பொருளிலும் அது மறு, மறை என்னும் இணைக்கு உடன்பிறந்ததுபோல் நிற்கிறது.

பக்கத்து மொழியின் சான்று இங்கேதான் உதவுகிறது. மலையாளத்தில் உடலிலுள்ள மச்சத்துக்கு மறுகு என்று பெயர். அம்மொழி ரகரத்தையும் றகரத்தையும் இன்றும் பேச்சில் வேறுபடுத்திக் காக்கிறது, மறுகு என்பதில் ஒலிப்பது றகரம். ஆகவே நம் காது இழந்துவிட்ட வேறுபாட்டை அவர்கள் வாய் மீட்டுத் தருகிறது. மரை அன்று, மறைதான். இத்தகைய ஒப்பீட்டுக்குப் பரோ, எமனோ ஆகிய மொழியறிஞர் இருவர் தொகுத்து 1961-இலும், திருத்திய பதிப்பாக 1984-இலும் வந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி சிறந்த துணை.

இலக்கியச் சான்று கடைசியாக இருந்தாலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அதுவே. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவும் பாடல்கள் வருகின்றன. அவற்றில் காளைகள் நிறத்தால் பிரித்துச் சொல்லப்படுகின்றன. ஒரு பாடலில் வெள்ளை ஏறு பலராமனுக்கும், கருநிறக் காரி திருமாலுக்கும், கபில நிறக் குரால் சிவனுக்கும், செந்நிறச் சேய் முருகனுக்கும் உவமையாகின்றன. வேறொரு பாடலில் செவியில் மறையும் உடலில் நுண்ணிய பொறிகளும் கொண்ட வெள்ளைக் காளை ஒன்று வருகிறது. சங்கப் பாடலில் காளையின் உடலைச் சொல்லும் இடத்தில் நின்ற சொல், இன்றும் மாட்டின் உடலைச் சொல்லும் இடத்திலேயே நிற்கிறது. கலித்தொகைக்கு நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் அந்நூலை அச்சில் கொண்டுவந்தார். தேடுவோர் பாடலை மட்டும் படிக்காமல் உரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புகர், பொறி, வரி, புள்ளி என்று உடற்குறிகளுக்கு அங்கே பல சொற்கள் உள்ளன, அவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. யானை முகத்தில் தெளித்தாற்போன்ற சிறு புள்ளிகள் புகர். புலியின் மேல் ஓடுவது வரி. மறை இவ்விரண்டும் அன்று.

கதைகளை நம்புவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். “வெள்ளையைச் செவப்பு மறைக்குதுங்க, அதனாலதான் மறை” என்று ஒருவர் விளக்கம் சொல்லக் கூடும். அவ்விளக்கம் அழகானதுதான், அதைக் குறித்தும் வைக்கலாம், ஆனால் சொல்லின் பிறப்பு என்ற தலைப்பின்கீழ் வைக்கக் கூடாது. பேசுவோர் தம் சொல்லை இன்று எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு அது சான்று. சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வடிவமும், உறவுமொழியும், பழைய ஆட்சியும் ஒன்றுபட்டுச் சொல்ல வேண்டும்.

இடப்பெயரிலும் கவனம் தேவை. செம்மறை என்றதும் பலரும் சொல்வது பர்கூர் மாடு. பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் உடைய அந்த மலைமாட்டின் தாயகம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்துப் பர்கூர் மலை. கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பர்கூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, அது பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி 1965-இல் பிரிந்ததும், நாமக்கல் 1997-இல் பிரிந்ததும் நினைவில் இல்லாவிட்டால், பழைய ஆவணத்தில் சேலம் என்று கண்டதை இன்றைய சேலம் என்று கொண்டு, மாட்டையும் சொல்லையும் தவறான ஊரில் கட்டிவிடுவோம். பர்கூர் மலையில் இம்மாட்டை வளர்க்கும் லிங்காயத்து மக்கள் வீட்டில் கன்னடம் பேசுகின்றனர். எனவே வாங்குபவர் சொல்லும் பெயரையும் வளர்ப்பவர் சொல்லும் பெயரையும் தனித்தனியே கேட்டு எழுத வேண்டும்.

தென்மாவட்டங்களில் இதே தோற்றத்துக்கு வேறு சொல் வழங்குகிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் கொடியாட்டில் வெள்ளை மேல் கருந்திட்டு இருந்தால் கரும்போரை, செந்திட்டு இருந்தால் செம்போரை. முன்னால் நிறம், பின்னால் திட்டு என்னும் அமைப்பு அப்படியே இருக்க, திட்டைச் சொல்லும் சொல் மட்டும் மாறியிருக்கிறது. இவ்வாறு ஒரே அச்சில் வார்த்த இரு சொற்களைக் காணும்போது, எது சரி என்று கேட்பதை விட்டு, எந்த ஊரில் எந்த உயிருக்கு எது என்று கேட்பதே பயன் தரும்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குதிரை வருணனைகளில் பைபால்ட் என்றால் கருப்பும் வெள்ளையும், ஸ்கியூபால்ட் என்றால் கருப்பல்லாத வேறு நிறமும் வெள்ளையும். முன்னதிலுள்ள பை என்பது மாக்பை என்னும் கருப்பு வெள்ளைப் பறவையின் பழைய பெயர், இலத்தீனின் பிக்காவிலிருந்து வந்தது. அப்பறவை நம் ஊரில் இல்லை. காக்கைக் குடும்பத்தில் அதற்கு உறவான வால்காக்கையைச் சேர்வராயன் மலையில் பார்க்கலாம், ஆனால் அதன் நிறம் வேறு. பால்ட் என்பதற்கு இன்று வழுக்கை என்று பொருள் கொள்கிறோம், முன்னர் அதற்கு வெள்ளைத் திட்டு, வெண்குறி என்னும் பொருளும் இருந்தது. இதை அறியாமல்தான் தலையில் வெள்ளைச் சிறகு நிறைந்த கழுகை வழுக்கைக் கழுகு என்று சிலர் எழுதுகின்றனர், வெண்தலைக் கழுகு என்பதே பொருந்தும். பைபால்ட் என்பதைக் கருமறை என்றும், ஸ்கியூபால்ட் செந்நிறமானால் செம்மறை என்றும் எழுதலாம். நம் சொல் இரண்டு நிறத்துக்கும் ஒரே அமைப்பில் நிற்பதால், ஆங்கிலத்தைவிட இவ்விடத்தில் தெளிவு கூடுதல் என்பது என் கருத்து. பறவைகளுக்கு இதை நீட்ட வேண்டாம். மேட்டூர் அணையில் தலைகீழாகப் பாயும் மீன்கொத்திக்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் இறங்கி மேயும் காட்டெருமையையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடும். வளர்ந்த கிடாவின் உடல் கருத்து, முழங்காலுக்குக் கீழே வெளுத்திருக்கும். அந்த வெண்மை அவ்வினம் முழுவதற்கும் பொது, ஒரு விலங்கை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. மறை என்பது மந்தைக்குள் ஒரு மாட்டை அடையாளம் காட்டும் சொல். ஆகையால் காட்டெருமைக்கு அதை வழங்கக் கூடாது.

தேடி முடித்ததும் பதிவை எழுத வேண்டும். நான் எழுதும் முறை இது: முதலில் சொல், அடுத்து இலக்கண வகை, அதன்பின் கண்ணால் கண்ட பொருள், வழங்கும் உயிர், கேட்ட ஊர், சொன்னவரின் தொழிலும் ஏறத்தாழ வயதும், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, இறுதியில் பிறப்பு. சொன்னவர் பெயரை அவர் ஒப்புதல் இல்லாமல் எழுதுவதில்லை. மறைக்கு என் பதிவு பின்வருமாறு நிற்கிறது.

மறை, பெயர்ச்சொல். மாட்டின் உடலில் வெள்ளையும் வேறொரு நிறமும் பிறவியிலேயே பெருந்திட்டுகளாகக் கலந்திருக்கும் தோற்றம், அத்தோற்றமுடைய மாடு. நெற்றி வெண்மை மட்டும் உடையது சுட்டி எனப்படும், இதில் அடங்காது. கூட்டுச்சொற்கள்: செம்மறை, கருமறை, மறைச்செவலை. மறு என்பதன் வழிவந்தது. மலையாள மறுகு என்பதோடு ஒப்பிடுக. மறைதல் என்னும் வினையோடும், மரை, மறி என்னும் சொற்களோடும் தொடர்பில்லை. பழைய ஆட்சி: முல்லைக்கலி, காளையின் செவிக்குறி.